கயிலைக்கு மூட்டை கட்டுவது

இந்தியா விடுதலை பெறுவதற்கு முன்பு கயிலைக்குப் போனவர்களின் சாமான் பட்டியலில் கம்பளி, சத்துமாவு, அரிக்கேன் விளக்கு இவற்றோடு துப்பாக்கியும் உண்டு. யாத்ரீகருக்குச் சுடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குமாவுன் மலைக்குள், எல்லைக்கு முந்தைய பெரிய கிராமமான கார்பியாங்கில், துப்பாக்கி வைத்திருக்கும் ஆளையே கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். கணவாயைத் தாண்டினால் திபெத்தின் வெட்டவெளி. நாள்கணக்கில் நடந்தாலும் ஊர் கிடையாது, காவல் கிடையாது. குதிரையில் வரும் கொள்ளைக்காரர்கள் மட்டும் உண்டு. வியாபாரிகளின் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போவதும் துப்பாக்கிக்காரனை முன்னால் விட்டு நடப்பதும் அந்தக் கால ஆயத்தத்தின் முதல் பாடம்.

இன்று வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகப் போகிறவர் கட்டும் மூட்டையில் துப்பாக்கி இருந்த இடத்தில் காகிதம் இருக்கிறது. 100 ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு ஒரு பொறுப்புறுதிப் பத்திரம். அவசரமென்றால் ஹெலிகாப்டரில் தூக்கிவருவதற்கு ஓர் உறுதிமொழி. சீனப் பகுதியில் இறந்துபோனால் உடலை அங்கேயே எரித்துவிடச் சம்மதம் என்று இன்னொரு படிவம். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இந்தக் கடைசித் தாளில் கையெழுத்துப் போடும்போதுதான் பலருக்கு, போகப்போகிற இடம் எப்பேர்ப்பட்டது என்று உறைக்கிறது. முன்னவர்களுக்கு அது கள்ளனை நினைத்து உறைத்தது. நமக்கு மூச்சை நினைத்து உறைக்கிறது.

தமிழில் கயிலைப் பயணம் என்றாலே அப்பர் நினைவுக்கு வந்துவிடுவார். பெரியபுராணம் சொல்கிறபடி அவர் காசிக்கு அப்பால் தனியே போனார். கிழங்கையும் இலையையும் தின்றார், பிறகு அதையும் விட்டார், இரவிலும் நடந்தார். பாதம் தேய்ந்ததும் கையை ஊன்றிப் போனார், கை தேய்ந்ததும் மார்பால் ஊர்ந்தார், அதுவும் முடியாதபோது உருண்டார். திரும்பிப் போ என்று முனிவர் வடிவில் வந்து சொன்னவனிடமும் மறுத்தார். கடைசியில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். பக்தியின் உச்சம் அது. பயண ஆயத்தம் என்று பார்த்தால் ஓய்வில்லை, உணவில்லை, துணையில்லை, சொன்னால் கேட்பதுமில்லை. இன்றைக்கும் உயரத்தில் ஆளைச் சாய்ப்பவை ஏறக்குறைய இவைதான். ஆடி அமாவாசையன்று திருவையாற்றுக்குப் போகிறவர்கள் கடல்மட்டத்தை விட்டு அதிகம் ஏறாமலே கயிலைக் காட்சியைக் கண்டுவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு எப்படிப் போனார்கள்? சென்னையிலிருந்து போகிறவர் ரயில் மாறி மாறி காட்கோடாம் போய்ச் சேருவார். அந்த ரயில்பாதை 1884-லேயே வந்துவிட்டது. அங்கிருந்து அல்மோராவுக்கு வண்டி. அல்மோராவோடு சக்கரம் முடிந்தது. கயிலை அங்கிருந்து சுமார் 240 மைல், எல்லாம் கால்நடை. இந்த வழியை அங்குலம் அங்குலமாக எழுதிவைத்தவர் ஆந்திரத்துக்காரரான சுவாமி பிரணவானந்தர். மானசரோவர்க் கரையில் ஒரு முழுக் குளிர்காலத்தையும் கழித்தவர். கொல்கத்தா பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வுகளை வெளியிட்டது. 1949-ல் வந்த அவருடைய ‘கைலாஸ் மானசரோவர்’ நூலில் தங்குமிடங்கள், அவற்றுக்கிடையே உள்ள மைல், உயரம், எங்கே விறகு கிடைக்கும் என்கிற வகையில் பட்டியல்கள் இருக்கின்றன. கயிலையைப் பற்றி உருகி எழுதியவர்கள் நிறையப் பேர். போகிறவனுக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தவர் இவர். இன்றைய சுற்றுலா நிறுவனங்களின் வழவழப்பான கையேடுகளைவிட எனக்கு அந்தப் பட்டியல்கள்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

அல்மோராவிலிருந்து சுமை தூக்கும் கூலிகள் அல்லது மட்டக்குதிரைகள். கார்பியாங் போனதும் அவர்களை அனுப்பிவிட்டு ஜப்புகளைப் பிடிக்க வேண்டும். யாக்கும் பசுவும் கலந்த அந்த விலங்கு சுமையோடு கணவாய் ஏறும். கோபம் வந்தால் சுமையை உதறிவிட்டு இறங்கியும் ஓடும். கூடாரமும் கார்பியாங்கில்தான் வாடகைக்கு. கணவாயில் பனி உருக வேண்டும், விலங்கு கிடைக்க வேண்டும், கூட்டம் சேர வேண்டும். அதுவரை அங்கேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். மண் சரிந்து வீடுகள் சாய்ந்துகொண்டே போவதால் புதையும் ஊர் என்று பேர் வாங்கிய அந்தக் கார்பியாங் 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது.

காத்துக் கிடந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் உடம்பு அப்போது வேலை செய்துகொண்டிருந்தது. அல்மோரா சுமார் 1,600 மீட்டர். அங்கிருந்து மலை ஏறி, ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறி, நிர்பானி என்கிற தண்ணீரில்லாத பாறைச் சரிவுகளைக் கடந்து கார்பியாங் வருவதற்குள் இரண்டு வாரம் போயிருக்கும். அங்கே சில நாள் இருப்பு. அப்புறம் காலாபானி, பிறகுதான் 5,000 மீட்டரைத் தாண்டும் லிபுலேக் கணவாய். இன்றைய மலை மருத்துவர் ஒருவரிடம் திட்டம் போடச் சொன்னால் அவர் தருவது ஏறக்குறைய இதுதான். அன்று யாரும் அதைத் திட்டமாகப் போடவில்லை. வழி நீளம், விலங்கு மெதுவாக நடந்தது, அவ்வளவே.

மலைநோய் அன்று இல்லாமல் இல்லை. மூச்சிரைப்பும் தலைவலியும் வாந்தியும் எல்லோருக்கும் தெரியும். இமயமலை மக்கள் அதற்கு விஷக்காற்று என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலே பூக்கும் ஏதோ நச்சுச் செடியின் மணம் காற்றில் கலந்து ஆளைத் தாக்குகிறது என்பது நம்பிக்கை. 1812-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக் கண்காணிப்பாளர் வில்லியம் மூர்கிராஃப்ட், கோசாயி வேடம் போட்டு நீதிக் கணவாய் வழியாக மானசரோவருக்குப் போனார். நல்ல குதிரையும் சால்வைக் கம்பளியும் தேடிப் போன அவருக்குத் தலைப்பாகையும் வேடமும்தான் முக்கியமான ஆயத்தம். கணவாயில் தனக்கு ஏற்பட்ட மூச்சுத்திணறலையும் அவர் குறித்துவைத்தார். விலங்கு மருத்துவரான அவருக்கே காரணம் புலப்படாத காலம் அது.

காகிதத்தைப் பற்றி முதலில் சொன்னேன். அன்று அது கிடையாது. திபெத் சீனாவின் ஆட்சிக்குள் வந்த பிறகும்கூட, 1954 ஏப்ரல் 29-ல் இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் யாத்ரீகர்கள் சான்றிதழ் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை, எல்லைச் சாவடியில் பெயரைப் பதிந்து அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டால் போதும் என்று எழுதியிருந்தது. பஞ்சசீலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே ஒப்பந்தம்தான். ஐந்து ஆண்டில் திபெத்தில் கிளர்ச்சி, எட்டு ஆண்டில் போர். வழி அடைபட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுக்குக் கயிலை காலண்டர் படமாக மட்டும் இருந்தது.

மறுபடி திறந்தது 1981-ல். அதில் மயிலாப்பூர்க்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு: சுப்பிரமணியன் சுவாமி அந்த ஆண்டு பெய்ஜிங்கில் தெங் சியாவோபிங்கைச் சந்தித்துப் பேசிய பிறகுதான் சீனா சம்மதித்தது, முதல் குழுவோடு அவரும் போனார். அதன் பிறகு 2019 வரை நடந்த யாத்திரை ஒரு தனி ரகம். பழைய நடையும் புதிய காகிதமும் அதில் சேர்ந்திருந்தன. குலுக்கலில் பெயர் வந்தவர்கள் டெல்லிக்குப் போவார்கள். டிரெட்மில், நுரையீரல் சோதனை, எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பார்த்து, உடல் நிறை குறியீடு 25-ஐத் தாண்டினால் முகத்தைச் சுளித்து, தேறியவர்களை மட்டும் அனுப்புவார்கள். வயது 18-க்கும் 70-க்கும் இடையில். குழுவுக்கு ஓர் அரசு அதிகாரி தலைமை. அவர் செய்யும் முதல் காரியம் குழு பிரிப்பது: சாப்பாட்டுக்குச் சிலர், பணத்துக்குச் சிலர், மூட்டைக்குச் சிலர். திபெத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்களே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பதால் டெல்லிக் கடைத்தெருவில் அரிசி, பருப்பு, சூப் பொட்டலம், உலர்பழம் என்று மொத்தமாக வாங்கிக் கட்டுவார்கள். வேறு வேறு மாநிலத்து ஆட்கள், ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள், முதல் நாளே வெந்தயமா சீரகமா என்று வாக்குவாதம் செய்து பழகிவிடுவார்கள். இப்படிப்பட்ட ஆயத்தத்துக்கு ஈடு கிடையாது என்று நினைக்கிறேன். மேலே ஒருவர் சாப்பிடாமல் படுத்துவிட்டால் அதைக் கவனிக்க அறுபது பேரில் யாராவது இருப்பார்கள்.

பிறகு நடை. காலாவிலிருந்து 4,444 படி இறக்கம், காளி நதி ஓரமாக மால்பா, புதி, சியாலேக் ஏற்றம், குஞ்சி. குஞ்சியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மருத்துவர்கள் இன்னொரு முறை சோதிப்பார்கள். டெல்லியில் தேறியவர் இங்கே ரத்த அழுத்தம் ஏறித் திருப்பி அனுப்பப்படுவது உண்டு. எத்தனையோ நாள் நடந்து வந்தவரை இனிப் போக வேண்டாம் என்று சொல்வதும் கேட்பதும் எளிதில்லை, ஆனாலும் சொன்னார்கள். நாபிடாங்கில் தங்கி நள்ளிரவு தாண்டியதும் டார்ச் வெளிச்சத்தில் புறப்பட்டு, காற்று எழுவதற்கு முன் லிபுலேக்கைத் தொட வேண்டும். கணவாயின் உச்சியில், திரும்பும் குழு இந்தப் பக்கம் இறங்க, போகும் குழு அந்தப் பக்கம் இறங்கும். 1998 ஆகஸ்ட் 18 விடியற்காலையில் மால்பாவில் மலை சரிந்தபோது இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 60 பேர் யாத்ரீகர்கள். ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா பேடி அவர்களில் ஒருவர். அந்த வழியில் உயரத்தைவிட மழைக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

2020 மே 8-ல் லிபுலேக் வரைக்குமான சாலையைத் திறந்தார்கள். கொரோனா யாத்திரையை நிறுத்தியிருந்த நேரம்; அடுத்த மாதம் கல்வான் மோதலும் சேர்ந்துகொண்டது. 2025-ல் மறுபடி தொடங்கியபோது 4,444 படிக்கு வேலையில்லை. தார்ச்சுலாவிலிருந்து குஞ்சிக்கு வண்டி போகிறது. தார்ச்சுலா 900 மீட்டர் சுமார்; குஞ்சி 3,200-க்கு மேல். முன்பு ஐந்தாறு நாள் நடந்த தூரம் இப்போது ஒரு பகல். 2015-ல் திறந்த சிக்கிமின் நாதுலா வழியில் இந்த நடை முதலிலிருந்தே இல்லை, பேருந்துதான். இரண்டு வழியிலுமே உடம்பு பழகுவதற்கென்று நடுவில் நாள்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஜப்பு கிடைக்காததால் காத்திருந்தோம், இன்றைக்கு அட்டவணையில் எழுதியிருப்பதால் காத்திருக்கிறோம். அரசு வழியின் நல்ல அம்சம் இதுதான்: அவசரப்படுகிறவரை அது விடாது.

ஆனால் அரசு வழியில் 2025-ல் இடம் 750 பேருக்குத்தான். தமிழ்நாட்டிலிருந்து போகிற பெரும்பாலோர் நேபாளம் வழியாகத் தனியார் ஏற்பாட்டில் போகிறவர்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, காத்மாண்டுவிலிருந்து கேரூங் வழியாகச் சாலைப் பயணம். மற்றது, லக்னோவிலிருந்து நேபாள்கஞ்ச் போய், அங்கே சிறிய விமானத்தில் சிமிகோட்டுக்கும், சிமிகோட்டிலிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சாவுக்கும் போய், பாலத்தை நடந்து கடந்து திபெத்தின் புராங்கை அடைவது. பழைய புத்தகங்கள் தக்லகோட் என்று சொல்வது இந்தப் புராங்கைத்தான். நேபாள்கஞ்ச் 150 மீட்டர். சிமிகோட் 2,900-க்கு மேல். ஹில்சா 3,600-க்கு மேல். புராங் 3,900 சுமார். வானம் தெளிவாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பிரணவானந்தர் காலத்து யாத்ரீகர் அந்நேரம் அல்மோராவில் கூலிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

தெளிவாக இல்லாவிட்டால்? 2018 ஜூலையில் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் திபெத் பக்கமுமாக ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாட்டிக்கொண்டார்கள். காத்மாண்டுவில் உள்ள இந்தியத் தூதரகம் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் பேசுவோருக்கென்று தனித்தனி உதவி எண்களை வைத்தது. இந்தப் பாதையை நிரப்புகிறவர்கள் யார் என்று அதிலிருந்தே தெரியும். 2025 ஜூலை 8-ல் வெள்ளம் ரசுவாகடி எல்லைப் பாலத்தை அடித்துக்கொண்டு போனதில் கேரூங் வழியும் குலைந்தது. ஆகவே இன்றைய மூட்டையில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள், திரும்பும் தேதிக்குப் பின்னால் ஒரு வாரம். ரத்த அழுத்த மாத்திரையையும் அந்த வாரத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். மகன் நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால் திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேண்டுதலில் பாதி வானிலைக்கே செலவாகிவிடும்.

உயரம் செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது. உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதை நிமோனியா என்றே பல காலம் நினைத்தார்கள். 1960-ல் அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான சார்லஸ் ஹூஸ்டன் அது உயரத்தால் வருவது என்று எழுதினார். அடுத்து வந்த பெரிய ஆய்வு நம்முடையது. 1962 போரில் சமவெளியிலிருந்து நேரே இமயத்துக்குக் கொண்டுபோகப்பட்ட சிப்பாய்கள் குண்டு படாமலே விழுந்தார்கள். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் கூட்டாளிகளும் 1,925 சிப்பாய்களைக் கவனித்து 1969-ல் வெளியிட்ட கட்டுரையை உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிறது. மலை மருத்துவர்கள் இன்று சொல்லும் விதி, 3,000 மீட்டருக்கு மேலே போனால் இரவு தூங்கும் இடத்தை நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அங்கேயே இரு என்பது. கேரூங் வழியில் 2,800 மீட்டர் அளவில் தூங்கி எழுந்தவர் மறுநாள் இரவு சாகாவில் 4,500 மீட்டர் அளவில் படுக்கிறார். விதியையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். நல்ல நிறுவனங்கள் கேரூங்கில் இரண்டு இரவு நிறுத்துகின்றன. அதற்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.

பயிற்சி என்ற பெயரில் நம்மவர்கள் மெரினாவில் நடக்கிறார்கள், மாதாமாதம் அண்ணாமலையைச் சுற்றுகிறார்கள், பர்வதமலையும் வெள்ளியங்கிரியும் ஏறுகிறார்கள். செய்ய வேண்டியதுதான். கயிலைப் பரிக்ரமா 52 கிலோமீட்டர், மூன்று நாள், நடுவில் 5,630 மீட்டரில் டோல்மா கணவாய். 14 கிலோமீட்டர் கிரிவலத்தைத் தாங்காத முழங்கால் அதைத் தாங்காது. ஆனால் கால் வலுவும் உயரத்துக்குப் பழகுவதும் வேறு வேறு. மெரினாவில் எத்தனை மாதம் நடந்தாலும் ரத்தம் கயிலை அடிவார ஊரான டார்சனுக்குத் தயாராவதில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த முப்பது வயதுக்காரர் முதல் நாளே விறுவிறுவென்று நடந்து காட்டி இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும், அறுபத்தைந்து வயதுப் பாட்டி அடிமேல் அடிவைத்துப் போய்ச் சேருவதும் அங்கே சகஜம். மலைநோய் வயதையோ தசையையோ பார்த்து வருவதில்லை, ஏறிய வேகத்தைப் பார்த்து வருகிறது.

புறப்படுவதற்கு முன் யாத்திரை நிறுவனங்கள் மண்டபத்தில் கூட்டம் போடும். அப்படி ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேள்விகள் எல்லாம் குளியலைப் பற்றியே வந்தன. “தம்பி, அங்க வெந்நீர் கிடைக்குமா?” என்றார் ஒரு மாமி. “கிடைச்சாலும் குளிக்காதீங்க மாமி, துண்டை நனைச்சுத் துடைச்சுக்குங்க” என்றான் மேலாளர் பையன். “குளிக்காம எப்படிப்பா சாமி கும்பிடறது?” அவன் பதில் தயாராக வைத்திருந்தான்: “சாமியே சாம்பல் பூசிக்கிட்டுத்தானே இருக்கார், மாமி.” மண்டபமே சிரித்தது. மானசரோவரில் இறங்கி முழுக்குப் போட இப்போது விடுவதில்லை, வாளியில் மொண்டுவந்து தலையில் தெளித்துக்கொள்வதுதான் என்று அவன் அடுத்துச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு முகர்ந்தால் மூச்சு வரும் என்பது அங்கே எல்லோரும் சொன்ன வைத்தியம். மூக்குக்குக் குளிர்ச்சி, மனசுக்குத் தெம்பு. ஆக்சிஜன் ஒரு துளியும் கூடிவிடாது. கையில் தூக்கிப் போகும் சின்ன ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிடத்துச் சமாசாரம். அதைவிட விவரமாகப் பேச வேண்டியது ஆக்சிமீட்டரைப் பற்றி. கொரோனாவுக்குப் பிறகு அது இல்லாத வீடில்லை. எல்லோரும் பையில் போட்டுக்கொள்கிறார்கள். 2021-ல் 85 என்று காட்டினால் படுக்கை தேடி ஊரெல்லாம் ஓடினோம். மானசரோவர் 4,590 மீட்டரில் இருக்கிறது. அங்கே நன்றாக இருக்கிற ஆளுக்கே எண் 80-களில்தான் நிற்கும். இது தெரியாமல் இரவு மூன்று மணிக்கு விரலில் மாட்டிப் பார்த்து, மகளுக்கு போன் போட்டு, சென்னையில் ஒரு வீட்டையே எழுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணைவிட ஆளைப் பார்க்க வேண்டும். தலைவலி மாத்திரைக்கு அடங்காமல் போவது, குடித்தவன்போல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை வருவது. இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கீழே இறங்கியாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இறங்க வழியில்லாதபோது ஆளை உள்ளே படுக்கவைத்துக் காலால் காற்றடித்து அழுத்தம் ஏற்றும் ஒரு பை உண்டு. படுத்திருப்பவருக்கு 1,500 மீட்டருக்கு மேல் கீழே இறங்கிய மாதிரி இருக்கும். இயற்பியலாளர் ஜார்ஜ் கேமோவின் மகன் இகோர் கேமோ கண்டுபிடித்தது. உங்கள் நிறுவனம் அதை எடுத்துப் போகிறதா என்று கேளுங்கள். முழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அசெட்டசோலமைடு மாத்திரை, டயமாக்ஸ் என்று கடையில் கேட்பது, பழகும் வேலையை விரைவுபடுத்தும். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல் நுனி சுறுசுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு, அதனால் சொல்கிறேன்.

சாப்பாட்டில் அன்றும் இன்றும் ஒரே எதிரி: போதிய சூடேறாமலே கொதிக்கும் தண்ணீர். 4,600 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி மேலே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும், துவரம்பருப்பு கல்லாகவே கிடக்கும். அந்தக் காலத்தார் வறுத்த மாவை நம்பியதற்குக் காரணம் இதுதான். ஏற்கெனவே வறுத்தது, வெந்நீரில் கரைத்தால் ஆயிற்று. திபெத்தியரின் சம்பாவும் வறுத்த வாற்கோதுமை மாவுதான். இன்று நேபாளச் சமையல்காரர்கள் லாரியில் பிரஷர் குக்கரோடு கூடவே வருகிறார்கள்; தமிழ்க் குழு என்றால் கயிலைச் சுற்றில் தங்கும் டிராபுக்கின் கூடத்திலும் ரசம் உண்டு. ஆனால் உயரத்தில் பசி செத்துவிடுகிறது. பழகிய ருசிதான் நாலு வாய் இறங்கும். ஆகவே புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் மூட்டையில் இடம்பிடிக்கத் தகுதி உள்ளவை. அதிரசமும் சீடையும் பெரும்பாலும் தொடாமலே திரும்பி வருகின்றன.

உடுப்பைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கனத்த கம்பளி ஒன்றுக்குப் பதில் மெல்லிய அடுக்கு மூன்று, காற்றுப் புகாத மேலங்கி, பழகிய செருப்பு போலக் காலோடு ஒட்டிப்போன பூட்ஸ். புது பூட்ஸை டெல்லியில் பிரித்து மாட்டுகிறவருக்குக் கொப்புளம் நிச்சயம். கறுப்புக் கண்ணாடியும் வாஸலினும் அன்றும் இருந்தன, இன்றும் வேண்டும்.

டார்சனில் குதிரையும் கூலியாளும் பேரம் பேசி எடுப்பதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யார் பெயர் வந்ததோ அவர்தான் உங்கள் ஆள். மூன்று நாளும் மருந்து, தண்ணீர், மழைக்கோட்டு அவர் முதுகில் இருக்கும். அவர் உங்களைவிட வேகமாக நடந்து முன்னால் போய்விடுவார் என்பதால் மாத்திரையை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 2026 திபெத்திய நாட்காட்டியில் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் ஒரு சுற்று பதின்மூன்று சுற்றுக்குச் சமம் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தக் கூட்டத்தில் அறையும் குதிரையும் கிடைப்பது கடினமாகவே இருக்கும்.

தம்பதியாகப் போகிறவர்கள் ஊரிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டிய ஒன்று இருக்கிறது. டார்சனில் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் சுற்றுக்குப் போவதா, கூடவே தங்குவதா? 4,600 மீட்டரில், தலைவலியோடு, வண்டி காத்திருக்கும்போது இதைப் பேசினால் இருவரும் விட்டுக்கொடுக்கப் பார்ப்பார்கள், இருவருக்கும் வருத்தம் மிஞ்சும். உடம்பு மோசமானால் இரவோடு இரவாகப் புராங்குக்கு இறக்க வேண்டும்; அதற்கு ஒரு வண்டியும் கூட ஓர் ஆளும் குழுவில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு முடிச்சு பாக்கி. நேபாளம் வழியாகப் போகிறவர்களுக்குச் சீன விசா ஆளுக்கொன்றாகத் தரப்படுவதில்லை. குழுவில் உள்ள எல்லோருடைய பெயரும் ஒரே தாளில். எல்லோரும் சேர்ந்து நுழைந்து சேர்ந்து வெளியேறுவதாக ஏற்பாடு. நடுவில் ஒருவர் மட்டும் திரும்ப வேண்டும் என்றால் அந்தத் தாளிலிருந்து அவர் பெயரைப் பிரித்து வாங்க வேண்டும். அதை யார் செய்வார், எத்தனை மணி நேரம் ஆகும், செலவு யாருடையது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.